சப்பாத்தைக் கழற்றியவருக்கு வேலை கொடுத்தோம்

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யாரில் கோபம் என்று கேட்டால் ஒரு ஊர்வலமே போகும். முன்னால் டைல்ஸ் விற்ற கடைக்காரன், அவனுக்குப் பின்னால் ஷோரூமில் நின்ற பெடியன், அதற்குப் பின்னால் என் மச்சான், பிறகு குசினித் தரைக்கு அடியில் சூடு போட வந்த மனிதர். எல்லாருக்கும் பின்னால், குடை பிடிக்க ஒரு ஆளும் இல்லாமல், தனியே நடந்து வருகிறவன் நான்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இந்த வீட்டை வாங்கியபோது குசினித் தரையில் மண் நிறத்தில் ஒரு பழைய லினோ விரிப்பு இருந்தது. பார்வைக்கு அழகில்லை. ஆனால் காலுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் கட்டில் ஏற்ற முன்னம், திரைச்சீலை தொங்கவிட முன்னம் ஒரு வேலை செய்வார்கள்: தரையைக் கிளறி டைல்ஸ் பதிப்பார்கள். நானும் பதித்தேன். வெள்ளை வெளேரென்று, குனிந்தால் முகம் தெரிகிற டைல்ஸ். குடிபூரலுக்கு வந்தவர்கள் எல்லாரும் "ஹோட்டல் மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஹோட்டலில் யாரும் வெறுங்காலோடு நின்று சமைப்பதில்லை என்று வந்தவர்களில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். ரோல்ஸை மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

பிறகு நவம்பர் வந்தது. எங்கள் சுவாமி அலுமாரி குசினியில்தான் இருக்கிறது. முன் அறையில் வைக்க ஏலாது; அங்கே டிவிக்கு முன்னால் இருந்து கோழிக்கால் கடிக்கிறவன் நான். மேலே படுக்கை அறைகள். ஆகவே குசினியின் கிழக்கு மூலை சுவாமிக்கு. சுவாமி இருக்கிற இடத்தில் செருப்பு இல்லை. செருப்பு இல்லாவிட்டால் வெறுங்கால். வெறுங்காலுக்குக் கீழே நான் காசு கொடுத்துப் பதித்த ஐஸ்கட்டி. சனிக்கிழமைகளில் கிழமை முழுவதுக்கும் சேர்த்துச் சமைக்கிற என் மனைவி அதன் மேல் மணிக்கணக்காக நிற்பாள்.

முதலில் அவளுடைய கால்விரல்கள் சிவந்தன. பிறகு வீங்கி, அரித்துக் கடித்தன. பிறகு ஊதா நிறமாகி, தை மாதக் குளிரில் சின்ன விரலின் தோல் வெடித்தது. டொக்டர் அம்மா விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் தடித்த செருப்புப் போடு, இன்னொரு குளிர்காலம் இப்படியே போனால் இது ஆறாத புண்ணாகிவிடும் என்று சொன்னார். என் மனைவி பள்ளிப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டி "யெஸ் டொக்டர்" என்றாள்.

காரில் ஏறியதும், "செருப்புப் போடுறதோ? அவவுக்கென்ன தெரியும்?" என்றாள்.

"அப்ப ஏன் யெஸ் எண்டு சொன்னனீர்?"

"டொக்டருக்கு நோ எண்டு சொல்லுறதே?"

அன்றைக்கே நான் ஒரு சோடி செருப்பு வாங்கிவந்தேன். உள்ளே கம்பளி வைத்தது. "இது தெருவையே காணாத செருப்பு. கடையிலயிருந்து பெட்டியோட நேரா வீட்டுக்கு வந்தது" என்று வாதாடினேன்.

"உதைப் போட்டுக்கொண்டு நான் விளக்குக் கொளுத்துவனே?" என்று கேட்டாள். பெட்டி மூடப்பட்டது.

அடுத்து கம்பளிச் சொக்ஸ். அதற்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பளபளக்கிற டைல்ஸில் நாலு துளி தாளிச்ச எண்ணெய் தெறித்த பிறகு கம்பளிச் சொக்ஸோடு நடப்பதற்குப் பேர் நடை இல்லை. பருப்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் அடுப்பிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் வழுக்கிப் போனதை நான் வாசலில் நின்று கண்டேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிரமித்துப்போய்க் கை தட்டிவிட்டேன். பின்னேரம் வரைக்கும் என்னோடு அவள் கதைக்கவில்லை.

சுவாமியை வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன என்றும் ஒருநாள் தொடங்கினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். வசனத்தை முடிக்க முன்னமே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் இந்தத் தரைக்கு அடியில் சூடு போடுகிற விஷயம் வீட்டுக்குள் வந்தது. காலை மூட ஏலாதென்றால் தரையைச் சுடவைப்போம். மே மாதத்தில் முடிவெடுத்தோம். அடுத்த குளிருக்கு முன்னம் முடித்துவிட வேண்டும். அந்தச் சின்ன விரல் இன்னொருமுறை வெடிக்கக் கூடாது. அவ்வளவுதான் இலக்கு. எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

ஷோரூம் ஒன்றுக்குப் போனோம். அங்கே வாங்க வருகிறவர்கள் ஏறி நின்று பார்ப்பதற்கென்றே சூடான தரை ஒரு துண்டு போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தோடு ஏறி நின்று "லவ்லி, லவ்லி" என்றார்கள். இரண்டு அங்குல ரப்பர் அடிக்கு மேலே நின்றுகொண்டு என்ன லவ்லியோ! என் மனைவி சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸையும் கழற்றி, ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு சம்மணம் கொட்டி இருந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற சோடி இரண்டடி தள்ளிப் போனது. அந்த ஷோரூமிலேயே சாமானைச் சரியாகப் பரிசோதித்த ஒரே ஆள் அவள்தான்.

ஷோரூம் பெடியன் வந்து இரண்டு வகை இருக்கிறது என்று விளக்கினான். ஒன்று, தரைக்குள் குழாய் ஓட்டி பொயிலரிலிருந்து சுடுதண்ணி அனுப்புவது. மற்றது, டைல்ஸுக்கு நேர் கீழே மின்சாரக் கம்பி வைத்த பாய் ஒன்றை விரிப்பது. எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்டான். மனைவியின் கால் நிலவரத்தைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் ஒரு சோடி நல்ல வீட்டுச் செருப்பு இதைவிட மலிவாக இருக்குமே என்றான்.

எனக்கு உச்சியில் ஏறியது. தான் விற்கிற சாமானை வாங்காதே என்று சொல்லுகிற வியாபாரியை இந்த நாட்டில் வேறெங்கும் நான் காணவில்லை. கண்ட ஒருவனும் செருப்பைப் பற்றித்தான் பேசுகிறான். "செருப்பு விக்கிறதெண்டால் போய்ச் செருப்புக்கடை திற!" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். தமிழில், புன்னகையோடு. ஆங்கிலத்தில் "தாங்க்யூ" என்று சொல்லிவிட்டு அவனுடைய கார்டையும் பணிவாக வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது மச்சான், மனைவியின் தம்பி. லண்டனின் மறுகோடியில், சட்டனில் இருக்கிறான். தொழில் கணக்கெழுதுவது. ஆனால் தன்னுடைய வீட்டுக் கூரைக்குள் ஒரு அறை கட்டுவித்த நாளிலிருந்து லண்டனில் உள்ள சகல தமிழ் வீடுகளுக்கும் அவன்தான் பொறியியலாளர்.

"அத்தான், யோசிக்கவே வேண்டாம். தண்ணிதான்" என்றான். "கரண்ட் போட்டியளெண்டால் பில் வந்து உங்களை உதைக்கும்."

"தண்ணிக்குத் தரையை எவ்வளவு கிண்டவேணும்?"

"அது கொஞ்சந்தான்." கையால் முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.

"அதுவரைக்கும் சமையல்?"

"குசினி கொஞ்சக் காலம் இராது. அதுக்கென்ன, சட்டனுக்கு வந்து சாப்பிடுங்கோ."

"சுவாமி?" என்று அவனுடைய அக்கா கேட்டாள்.

"சுவாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. எங்கட வீட்டில காப்பெட், கால் குளிராது."

அந்த ஒரு சொல்லால் தண்ணி தோற்றது. சுவாமி இடம்பெயரக் கூடாது, தம்பியின் காப்பெட்டில் அக்கா போய் இருக்கவும் கூடாது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் போனில் வந்து, "அப்பா, ஜஸ்ட் பை ஹெர் சம் ஸ்லிப்பர்ஸ்" என்றாள். "நீரே அம்மாட்டச் சொல்லும், இந்தா" என்று போனை நீட்டினேன். "நோ வே அப்பா" என்று வைத்துவிட்டாள். உலகமே செருப்பை என் தலையில் கட்டப் பார்த்தது. நான் கம்பிப் பாயில் உறுதியாக நின்றேன். டைல்ஸை உடைக்கத்தான் வேண்டும், ஆனால் தரையைக் கிண்டத் தேவையில்லை, சில நாளில் வேலை முடியும்.

யார் செய்வது? இந்த இடத்தில்தான் நான் என்னையே கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தவர் வாசலில் நின்று சப்பாத்தின் மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டார். கொலை நடந்த வீட்டுக்குப் பொலிஸ் வந்த மாதிரி இருந்தது. அப்படியே குசினிக்குள் சரசரவென்று நடந்து போய், இந்தத் தரை அவ்வளவு குளிராகத் தெரியவில்லையே என்றார். உறைக்குள் சப்பாத்து, சப்பாத்துக்குள் சொக்ஸ், சொக்ஸுக்குள் கால். எப்படித் தெரியும்?

இரண்டாவது எங்கள் ஆள். கோயிலில் ஒருவர் தந்த நம்பர். காதில் போனோடு, இரும்பு மூக்கு வைத்த பெரிய சப்பாத்தோடு நேரே சுவாமி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, சப்பாத்து..." என்று நான் இழுத்தேன்.

"ஹெல்த் அண்ட் சேஃப்டி அண்ணை, கழட்ட ஏலாது. இதெல்லாம் எங்களுக்குச் சின்ன வேலை."

அவர் போனபின் மனைவி வாளியில் மஞ்சள் தண்ணி கரைத்துத் தரை முழுக்கக் கழுவினாள். வழக்கமாக அது வெள்ளிக்கிழமை வேலை. அன்றைக்குச் செவ்வாய். தீர்ப்பு அதிலேயே இருந்தது.

மூன்றாவதாக வந்தவர் கிழக்கு ஐரோப்பாவில் எங்கேயோ இருந்து வந்த, நரைத்த மீசையோடு ஒரு பெரிய மனிதர். வாசலில் எங்கள் வீட்டுச் சப்பாத்துக் குவியலைக் கண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குனிந்து, மூச்சு வாங்க நாடாவை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் சுவரோடு சேர்த்து நேராக வைத்தார். குசினிக்குள் வந்து, சுவாமி அலுமாரியைக் கண்டதும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். தெரிவு முடிந்தது.

அவர் இதற்கு முன்னம் எத்தனை வீட்டில் இந்த வேலை செய்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. வேலை பிழைத்தால் யார் பொறுப்பு என்று கேட்கவில்லை. கேட்ட ஒரே கேள்வி, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்பதுதான். மச்சான் போனில், "விசாரிச்சனீங்களே அத்தான்? அவர் செய்த வேலை எங்கையும் போய்ப் பாத்தனீங்களே?" என்று குடைந்தான்.

"வாசலிலயே சப்பாத்தைக் கழட்டினவர், நாங்கள் சொல்ல முன்னம்."

"ஓ, அப்படியே?" என்று குரல் இறங்கிவிட்டது. "அப்ப நல்ல மனுசன்தான்."

அந்தப் பொறியியலாளருக்கும் அது போதுமாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

நல்ல மனுசன் ஒருநாள் காலையில் வந்து, பழைய டைல்ஸின் மேலேயே ஒரு நீலநிற ஒட்டுநாடாவால் அளவு குறிக்கத் தொடங்கினார். பாரமான சாமான் எங்கெங்கே நிற்கும் என்று கேட்டார். அவற்றுக்குக் கீழே கம்பி போகக் கூடாதாம், வெப்பம் வெளியேறாமல் கம்பி கெட்டுவிடுமாம். நியாயம். ஃப்ரிட்ஜைக் காட்டினோம். மீன் நிறைத்த பெரிய ஃப்ரீசரைக் காட்டினோம். அரிசி மூட்டைகளைக் காட்டினோம்.

"அரிசிக்குக் கிட்டவும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சூடு பட்டால் வண்டு பிடிச்சிடும்" என்று மனைவி என்னிடம் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் நாடாவைத் தள்ளி ஒட்டினார். வெங்காய மூட்டைக்கும் அப்படியே. சுவாமி அலுமாரிக்குக் கீழே வேண்டாம், முன்னாலும் வேண்டாம், பூ வாடிவிடும். அதையும் மொழிபெயர்த்தேன். நாடா இன்னும் உள்ளே வந்தது.

கடைசியாக, தண்ணி எங்கே சிந்தும் என்று கேட்டார். எங்களுக்குப் பெருமை பொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் தரையைத் துடைப்பதில்லை, வாளியால் ஊற்றிக் கழுவுவோம் என்று சொன்னேன். சிங்கிலிருந்து அடுப்பு வரைக்கும் எப்படி ஊற்றுவோம் என்று வெறுங்கையால் நடித்தும் காட்டினேன். அவர் நடிப்பை ரசித்துப் பார்த்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கி, "வாட்டர். எலெக்ட்ரிக். நோ!" என்றார்.

"அது உண்மைதானே" என்று மனைவிக்கு விளக்கினேன். "தண்ணியும் கரண்டும் சேரக்கூடாது எண்டது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்." ஏதோ நான் கண்டுபிடித்த விஷயம் போலச் சொன்னேன். சிங்க் ஓரமும் அடுப்பு ஓரமும் நாடாவுக்கு வெளியே போயின.

மீதியாக இருந்தது நடுவில் ஒரு நீள்சதுரம். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தோம். "வடிவா வந்திருக்கு" என்றாள் மனைவி. நான் பற்றிஸ் பலகாரத் தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

டைல்ஸ் உடைந்தது, பாய் விரிந்தது, புது டைல்ஸ் பதிந்தது. ஒக்டோபர் கடைசியில் ஒரு குளிர்நாளில் நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டோம். சூடேறும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே போனோம். மனைவி வெறுங்காலோடு அடுப்படியில் போய் நின்றாள். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சிங்கடிக்குப் போனாள். சுவாமிக்கு முன்னால் போனாள். அதேவேளை நான் குசினியின் நட்டநடுவில் நின்று, "ஆகா! ஆகா!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் என்னிடம் வந்தாள். காலை வைத்தாள். "இஞ்ச சுடுது" என்றாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். "இஞ்ச விறைக்குது."

இருவரும் தரையைப் பார்த்தோம். நாடா இல்லாமலே அந்த நீள்சதுரம் எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

"நடுக்குசினியில நிண்டு நான் என்னப்பா செய்யிறது? டான்ஸ் ஆடுறதே?"

மச்சானுக்குப் போன் அடித்தேன். தண்ணி ஊற்றுகிற இடம் என்று சிங்கடியையும் அடுப்படியையும் அந்த மனிதர் விட்டுவிட்டார் என்று சொன்னேன். "அத்தான், அந்தப் பாயைக் குளிக்கிற அறைக்கெல்லோ போடுறவை" என்றான்.

குளிக்கிற அறைக்கு! ஷவரால் தண்ணி கொட்டுகிற அறைக்கு! நாலு வாளித் தண்ணிக்கு எங்களைப் பயமுறுத்திவிட்டுப் போய்விட்டார், நாங்களும் பற்றிஸ் கொடுத்து வழியனுப்பியிருக்கிறோம். போனை எடுத்து நல்ல மனுசனைக் கூப்பிட்டேன். குரலை உயர்த்தினேன். ஆங்கிலத்திலேயே உயர்த்தினேன், அது எனக்கு வருவது குறைவு. அவர் அமைதியாக, நான் பாத்ரூம் செய்வதில்லை, குசினி மட்டும்தான் என்றார். உடனே வந்து பாரும் என்றேன்.

வந்தார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்ப்பதென்று. அவர் குனிந்து, மூச்சு வாங்க, சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

இதுதான் எனக்குத் தாங்க முடியாத அநியாயம். அந்த மனிதர் ஒருநாளாவது சப்பாத்தோடு உள்ளே வந்திருந்தால் நான் கேட்டிருப்பேன் நாலு கேள்வி. வெறும் சொக்ஸோடு, சுவாமிக்கு முன்னால் தலை தாழ்த்தி நிற்கிற ஒரு ஆளை எப்படி ஏசுவது? அவர் நடுவில் போய் நின்று, பாதத்தால் தடவிப் பார்த்து, "வார்ம்" என்றார். குரலில் மனத்தாங்கல் இருந்தது. சுற்றிவரவும் போடலாம், ஆனால் பதித்த எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும் என்றார். ஏச வாயைத் திறந்தேன். பின்னால் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. மனைவி அவருக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி உடைப்பதற்கு எனக்கும் மனமில்லை, கையில் காசும் இல்லை. நவம்பரில் அவளுடைய சின்ன விரல் மறுபடி சிவக்கத் தொடங்கியது. எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தில் ஒவ்வொருநாளும் ஒவ்வொருவரை ஏசினேன். ஏசினால் விரல் வெளுக்கும் என்பது போல.

ஒரு சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கி வந்தபோது சாப்பாட்டு மேசையும் ஒரு கதிரையும் குசினியின் நடுவில் நின்றன. மேசையில் வெங்காயம், கத்திரிக்காய், வெட்டுப்பலகை, மிக்சி. கதிரையில் மனைவி, இரண்டு பாதத்தையும் தரையில் முழுதாகப் பதித்தபடி.

"வெட்டுறது, அரைக்கிறது, குழைக்கிறது எல்லாம் நான்" என்றாள். "அடுப்பும் சிங்கும் உங்கட."

"எனக்குச் சமைக்கத் தெரியாதெல்லோ."

"நான் இஞ்ச இருந்து சொல்லுறன். நீங்கள் அங்க நிண்டு செய்யுங்கோ."

அன்றிலிருந்து எங்கள் குசினி இரண்டு நாடாகிவிட்டது. நடுவில் வெப்ப நாடு, அங்கே அவள். ஓரத்தில் பனி நாடு, அங்கே நான், அதே வெறுங்காலோடு. எனக்கும் சுவாமி இருக்கிற இடத்தில் செருப்பு இல்லைத்தானே. தன் நாட்டை விட்டு அவள் வெளியே வருவது விளக்குக் கொளுத்த மட்டும். முன்னமெல்லாம் ஆறுதலாக நின்று தேவாரம் பாடுகிறவள், இப்போது முதல் அடியைப் பாடிக்கொண்டே திரும்பி வந்து, மீதியைக் கதிரையில் இருந்து முடிக்கிறாள். சுவாமி கோபித்ததாகத் தெரியவில்லை.

நான் கோபித்தேன். பிறந்தது முதல் கரண்டி பிடிக்காத ஒருவனை இந்த வயதில் உறைபனியில் நிறுத்தி, "கடுகு வெடிக்க முன்னம் வெங்காயத்தைப் போட்டிட்டியள்", "உது மல்லித்தூள், மிளகாய்த்தூள் மற்றது" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஏவுவது எந்த ஊர் நியாயம்? மச்சான் குடும்பத்தோடு ஒருநாள் வந்து, என் கையால் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "தண்ணி போட்டிருக்கலாம் அத்தான்" என்றான். தரையைச் சொன்னானா குழம்பைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

தை மாதம் வந்தது. குளிரில் யன்னல் கண்ணாடியெல்லாம் உறைந்து நின்ற ஒரு பின்னேரம், நான் கணவாய்க் கறியைக் கிளறியபடி, ஒற்றைக் காலில் நின்று மற்றப் பாதத்தை ஊன்றிய காலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். "இஞ்சப்பா, திரும்புங்கோ" என்றாள்.

திரும்பினேன். அவள் வலது காலைத் தூக்கி எதிர்க் கதிரையில் வைத்திருந்தாள். விரல்களை விரித்துக் காட்டினாள். வீக்கம் இல்லை. ஊதா இல்லை. சின்ன விரலில் போன வருஷம் வெடித்த இடம் மூடி, அந்தத் தோல் மட்டும் கொஞ்சம் வெளிறி, மற்றபடி எல்லாருடைய விரலையும் போல ஒரு விரலாக இருந்தது.

நான் கரண்டியோடு கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"காணும், விடுங்கோ" என்றாள். "கறி அடிப்பிடிக்குது."